நாற்பது நாள் நிறுத்திய மாத்திரை

ஆவூர்,
ஈஸ்டர் முடிந்த வியாழன்.

அன்பு மகன் லியோவுக்கு அப்பா எழுதுவது. இயேசுவுக்கே புகழ். நாங்கள் இங்கே நலம், நீ அங்கே நலமா என்று தொடங்கத்தான் ஆசை, முதல் பாதியில் கொஞ்சம் பொய் கலந்துவிடும் என்பதால் உன் நலத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்ல மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் தோஹாவில் வெயில் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நானே எழுத உட்கார்ந்தால் பாதியில் கிழித்துப்போடுகிறேன். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஜாஸ்பின் எழுதுகிறாள். (அண்ணே, இதையும் பிடுங்கப் பார்த்தார். என்கிட்டயா!)

விஷயம் இதுதான். போன செப்டம்பரில் திருச்சியில் எனக்கு எடுத்தது பித்தப்பைக் கல் இல்லை. கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி, ஈரலில் கால்வாசியை வெட்டி எடுத்தார்கள். நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாய் என்று உன் அம்மாவையும் இவளையும் வாயைக் கட்டி வைத்தது நான்தான். (அண்ணே, கல்லீரல் என்ற பேரிலும் ஒரு கல் இருக்கிறதே, பாதிதான் பொய் என்று அன்றைக்கே தீர்ப்பு சொன்னேன். அம்மா கரண்டியை எடுத்தாள்.) கட்டிக்குக் காரணம் ஹெபடைட்டிஸ் பி என்கிற கிருமி, எத்தனையோ வருஷமாக எனக்கே தெரியாமல் என் ரத்தத்தில் இருந்திருக்கிறது. அதை அடக்க தினம் ஒரு மாத்திரை. ஒழுங்காகத்தான் போட்டுவந்தேன். ஜனவரியில் செக்கப்புக்குப் போனபோது ஓர் ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டார்கள். ஒரே மாதிரிக் கட்டி, ஒரே ஆபரேஷன், ஆனாலும் ஒருவர் பத்து வருஷம் இருக்கிறார், இன்னொருவர் இரண்டு வருஷத்தில் போய்விடுகிறார், பிறவியிலேயே மரபணுவில் ஆளுக்கு ஆள் இருக்கிற சின்ன வித்தியாசமும் அதற்குக் காரணமா என்று பார்க்கிறார்களாம். கொடுத்துவிட்டு பஸ் ஏறியதிலிருந்து அதே நினைப்பு. பிறக்கும்போதே முடிவாகிவிட்டதற்கு இனி மாத்திரை எதற்கு என்று தோன்றியது. தவக்காலம் பிறந்ததும் கறி, டீயோடு மாத்திரையையும் நாற்பது நாள் ஒறுத்தலாகச் சாமிக்கு ஒப்புக்கொடுத்து நிறுத்திவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் புவனேஸ்வரி ரிப்போர்ட்டைப் பார்த்தார், கிருமி பல மடங்கு ஏறியிருந்தது. மாத்திரை போடுகிறீர்களா என்றதற்குத் தலையாட்டினேன். கூட வந்திருந்த இவள் பையிலிருந்து பிரிக்காத அட்டைகளை எடுத்து மேஜையில் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துவிட்டாள். ஏங்க, சாமி ஒங்க சோத்தைத்தான கேட்டாரு, மாத்திரையக் கேட்டாரா என்று டாக்டரம்மா சத்தம்போட்டார். ஆராய்ச்சி நூற்றுக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்ப்பது, அதுல ஒங்க ஒருத்தர் ஆயுசு தெரியாது, ஒங்க கையில இருக்கது இதுதான் என்று அட்டையைத் தட்டிக் காட்டினார். உன் அம்மா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை, தட்டு மட்டும் ‘டங்’கென்று வந்து விழுகிறது. ஸ்கேனும் எடுத்திருக்கிறார்கள், கட்டி திரும்ப வந்ததா என்று திங்கட்கிழமை தெரியும்.

ஆனால் நான் இதை எழுதுவது எனக்காக இல்லை. வீட்டில் எல்லாரும் ரத்தம் பார்த்தாச்சா என்று டாக்டரம்மா கேட்டார். உன் அம்மாவுக்கும் இவளுக்கும் கிருமி இல்லை, உனக்குத்தான் இன்னும் பார்க்கவே இல்லை. மீசை முளைத்த வயதில் நீ என் ரேசரைத் திருடிச் சவரம் செய்தது எனக்குத் தெரியும். இந்தக் கிருமி ரத்தம் பட்ட ரேசரிலிருந்தும் ஒட்டுமாம். உனக்கும் நான்சிக்கும் கல்யாணம், யாருக்காவது தடை உண்டா என்று கேட்கிற முதல் ஓலையை வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிக்க இருந்தது. பங்குச் சாமியாரிடம் நிறுத்தச் சொல்லிவிட்டு, நேற்று நான்சி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்பா ஆண்ட்ரூஸ் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்தப் பெண்தான் வாசல்வரை வந்து, அவுகளுக்குத் தெரியுமா மாமா என்றாள். உனக்கு இன்னும் தெரியாது என்றேன். மொதல்ல அவுககிட்டச் சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன் என்றாள்.

ஆகவே தம்பி, இதைப் படித்தவுடன் ரத்தம் கொடு. கிருமி இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள். இருந்தால் பயப்படாதே, இப்போதே தெரிந்தால் அடக்கிவைக்கலாம், என் அளவுக்கு வராது. முடிவு எதுவானாலும் நான்சியிடம் நீயே சொல். என் ஸ்கேனுக்காக டிக்கெட் போடாதே. மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா,
மரிய அந்தோணி

எழுதிய கை ஜாஸ்பின். தபால் போய்ச் சேரப் பத்து நாளாகும், அதனால் படம் பிடித்து இப்போதே அனுப்புகிறேன். நேற்றும் மாத்திரை போட்டார் அண்ணே, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன்.