மோர்ஸ் தேர்வு வேண்டுமா

என் எதிர்க்கட்சித் தலைவியான மகளுக்கு,

அமெச்சூர் வானொலிச் சங்கக் கூட்டத்தில் மோர்ஸ் தந்திக் குறிகளின் அழகை மேசையில் தட்டிக் காட்டப் போய், தலைவர் மடியில் தேநீரைக் கவிழ்த்தவன் எழுதுகிறேன். மோர்ஸ் தேர்வில் தேறாதவருக்கு வானொலியில் பேச உரிமம் கூடாது என்று அப்படி முழங்கினேன்.

பிறகு நீ எழுந்தாய். சங்கத்திலேயே வேகமாக மோர்ஸ் அடிப்பவள்.

“உரிமம் கேக்கற தையல்கார அக்காவுக்கு இப்பல்லாம் கை நடுங்குதுப்பா, மோர்ஸ் அடிக்க வராது. மைக்ல பேசத்தானே ஆசைப்படறாங்க? எனக்கு மோர்ஸ் உசிரு. அதுக்காக அவங்கள வாசல்லயே நிறுத்தணுமா?”

இருமிக்கொண்டே உட்கார்ந்தேன். இவள் யார் பெண் தெரியுமா என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் பீற்றிக்கொள்ள வாய் பரபரத்தது.

ரகசிய ஓட்டுச் சீட்டுகளை எண்ணியதும், தேர்வை நீக்கச் சொல்லி அரசுக்கு மனு அனுப்பலாம் என்ற உன் பக்கம் ஒரே ஓட்டில் ஜெயித்தது. பேருந்து ஏறும்போது, “தோத்துட்டீங்களேப்பா, வருத்தமா?” என்றாய். “போடி” என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஓட்டு நான் போட்டது.

உன்னிடம் தோற்ற,
அப்பா