தென்மதகூர் உடைசல் கொட்டில்

மழை பொய்யாது பெய்க. வெண்கரை நாட்டு ஏரிகள் நிறைக. மாமன்னர் செங்கதிர்ச் சேந்தனாரின் கோல் கோணாது நிற்க. மன்னர் திருவாய் மலர்ந்தருளியபடி தலைமை அமைச்சன் ஆதன் அழிசி எழுதும் இவ்வோலையை, தென்மதகூரைக் காத்து நிற்கும் பெருந்தகை வேளார் நன்னாகனார் கண்டருள்க. தங்கள் கோட்டையும் குடிகளும் கழனிகளும் நலமே விளங்குக.

சோர்வோடுதான் எழுதுகிறேன். எல்லைப் போரைப் பற்றிப் பேசினால் அவை செவிசாய்க்கிறது. உடைந்த கண்ணாடியைப் பற்றிப் பேசினால் நகைக்கிறது. அந்த நகைப்பு எனக்குப் பழகிவிட்டது.

ஆயினும் மதகுக் காவலன் பூதன் மாண்டதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குயவரும் கொல்லரும் வாங்க மறுக்க, எருக்குழியிலும் மக்காது கிடந்த வீட்டு உடைசல்களைக் குடிகள் வாய்க்காலில் எறிந்தனர். அவை மதகை அடைத்தன. அடைப்பெடுக்க மூழ்கிய பூதனின் கையைக் கண்ணாடிச் சில்லு கிழிக்க, புண் புரையோடி அவன் இறந்தான். அதன் பின்னரே, தெருக்கள் கூடும் இடந்தோறும் கொட்டில் அமைத்து, குடிகள் கொணரும் உடைசல்களை வளையல் சூளைக்கும் கொல்லர் உலைக்கும் பிரித்தனுப்ப மன்னர் ஆணையிட்டார்.

தென்மதகூர்க் கொட்டிலைப் பூதனின் மனைவி கொற்றி ஏற்றாள். வாசல்தோறும் சென்று கேட்டாள். முதலில் முகம் சுளித்த குடிகள், அவள் கணவனை எண்ணி மனமிளகி, இரசம் உரிந்த கண்ணாடியையும் விரிசல் விட்ட பீங்கானையும் அரக்கு ஒட்டிய செம்பையும் கழுவித் துடைத்துக் கொணர்ந்தனர்.

அவற்றையெல்லாம், பிரிப்பது பெருந்தொல்லை என்று கருதிய தங்கள் கண்காணி மாறன் விழுப்பரையன், வண்டி வண்டியாகப் பேரேரியிலேயே கொட்டச் செய்தார். அதுவும் பட்டப்பகலில், துணி துவைப்போர் கண்முன்னே. கொற்றியும் இதற்கு உடந்தை என்று எண்ணிய ஊரார், தங்கள் உடைசல்களை அவள் வாசலில் கொட்டிவிட்டுப் போயினர்.

அவள் நடந்தே தலைநகர் வந்தாள். இருக்கை அளித்தும் அமரவில்லை. அவள் உரைத்ததை உரைத்தவாறே எழுதுகிறேன்:

“கொண்டாங்கன்னு வீடு வீடாப் போயிக் கேட்டது நானுங்க. ஏரியில கொட்டுறதுக்கா கழுவிக் குடுத்தோம்னு கேக்குறாங்க. இனி எந்த மொகத்தோட அந்த வாசல்ல நிப்பேன்?”

கண்காணியைத் தண்டித்தால் அவள் மனம் ஆறுமோ என வினவினேன். தண்டனையால் ஏரி துப்புரவாகாது என்றும், வண்டி எங்கே போகிறதென்று தன் கண்ணால் காண வேண்டும் என்றும் கூறினாள். வேறெதுவும் வேண்டவில்லை.

பின்னர் உடைசல்களை ஏற்கக் கேட்டு நானே வளையல் சூளைத் தலைவரிடம் சென்றேன். மறுத்தார், மீண்டும் சென்றேன். நிறம் பிரித்துத் தந்தால் கண்ணாடியும், தூளாக்கித் தந்தால் பீங்கானும் ஏற்பதாக இசைந்தார். அரக்கு நீக்கிய செம்பைக் கொல்லர் ஏற்பர். இரசம் பூசிய கண்ணாடியை மட்டும் எவரும் ஏற்கவில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்தேன்.

ஆகவே மன்னர் ஆணை இது. ஏரியில் கொட்டியவற்றை, நீரை வடியவிட்டபின் ஒரு சில்லும் விடாது எடுப்பிக்க. எடுத்து முடியும்வரை விழுப்பரையன் கரையில் நில்லாது சேற்றில் இறங்கி நிற்க. பிரிக்கும் பணி இனிக் குடிகள் காணும்படி கொட்டிலின் முன்னே நடக்க. இரசக் கண்ணாடியை ஏரிக்கு எட்டாத மேட்டில் சுதை பூசிய குழியில் வைத்து, இதற்கு இன்னும் வழி காணவில்லை என்பதை மறைக்காது ஊராரிடம் உரைக்க. கொட்டிலினின்று புறப்படும் ஒவ்வொரு வண்டியிலும் கொற்றி ஏறிச் செல்வாள். அவளுக்குத் துணையாகத் தெருவார் எவர் வேண்டினும் ஏறலாம். தடுப்பவர் மன்னரைத் தடுத்தவராவர்.

இவ்வோலை கொணரும் வண்டியிலேயே கொற்றி திரும்புகிறாள். அடுத்து வரும் கண்காணியும் விழுப்பரையனைப் போன்றவரா என்று ஏறும்போது கேட்டாள். அதற்குத் தாங்களே விடையாகுக.

ஆணை நிறைவேறிற்று என்று தாங்கள் எழுத வேண்டா. கொற்றி சொல்லி அனுப்பட்டும். அவள் சொல்லையே மன்னர் ஏற்பார்.

மன்னரின் நாரை முத்திரை இட்டேன். பணிக.