பத்துக்கு மூன்று

அக்கா,

இன்று விஞ்ஞான லெப் அலுமாரியைத் திறந்தேன். மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்ததில் ஈரமும் பூச்சி உருண்டையும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. மேல்தட்டில் உங்கள் சொல் அட்டைகள் இருந்தன. எஸ்டிமேட், அப்ராக்சிமேட், அக்கியுரேட், பிரிசைஸ் என்று பச்சைப் பேனாவில் உங்கள் வட்ட வட்டமான ஆங்கில எழுத்து. புதிதாக வந்திருக்கும் விஞ்ஞான டீச்சர், "இதெல்லாம் வேணுமா, தூக்கிப் போட்டுரவா?" என்று கேட்டார். போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கோபத்தில்தான் சொன்னேன். உங்கள் மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் நடத்தச் சொன்ன வருடம் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். "நீங்க இங்கிலிஷ் டீச்சர், சொல்ல நீங்க குடுங்க. அளவ நான் பாத்துக்கிறேன்" என்றீர்கள். அக்கியுரேட், பிரிசைஸ் இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான் என்று நான் சொன்னதும் உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னீங்கன்னா லெப் வாசப்படிய மிதிக்க விடமாட்டேன். நம்ம பஸ் தெனமும் சொல்லி வச்ச மாதிரி அர மணி லேட்டா வருதுல்ல? ஒரே மாதிரி வருது, அது பிரிசைஸ். ஆனா சரியான நேரத்துக்கு வரல, அதனால அக்கியுரேட் இல்ல." நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சேலையில் கொட்டியது.

கம்பியின் நீளம் எவ்வளவு என்று கேட்டால் பிள்ளைகள் "கொஞ்சம் நீளம் டீச்சர்" என்பார்கள். பக்கத்து வகுப்பில் இருக்கும் எனக்கே உங்கள் சத்தம் கேட்கும். "கொஞ்சம்னா எவ்வளவு? கொஞ்சத்துக்கு அலகு என்னா? எஸ்டிமேட்டுன்னா வாய்க்கு வந்தத சொல்றது இல்ல!" அப்படிக் கறாராக இருந்தவர் நீங்கள். அதனால்தான் எனக்கு ஆறவில்லை.

அன்று பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டீர்கள். உதடு வெளுத்திருந்தது. இடது கை மரத்துப்போகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னீர்கள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வளைவுக்கு வளைவு நீங்கள் என் கையை நெரித்த நெரிப்பில் என் வளையல் உடைந்தது. அங்கே இருந்தவர் இளவயது டொக்டர், தமிழ் தெரியாதவர். சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம்வரை வரிசையாக, ஒன்றிலிருந்து பத்து. எவ்வளவு வலி என்று ஆங்கிலத்தில் கேட்டார். நீங்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, புன்னகையோடு, திருத்தமான ஆங்கிலத்தில் பதில் சொன்னீர்கள். "மைல்ட், டொக்டர். அப்ராக்சிமேட்லி த்ரீ."

பத்துக்கு மூன்று! நான் குறுக்கே விழுந்தேன். மூன்று இல்லை, வரும் வழியெல்லாம் துடித்துப்போனார் என்றேன். கை மரத்ததையும் சொன்னேன். நோயாளி சொல்வதைத்தான் தான் எழுத முடியும் என்று டொக்டர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். நீங்களோ என் முழங்கையைக் கிள்ளி, "சும்மா இருங்க டீச்சர், அவருக்கு எவ்வளவோ வேல கெடக்கு" என்றீர்கள். ஈசிஜி எடுக்கவில்லை. வாயுவுக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் நாடியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல், ஓர் எண்ணை மட்டும் கேட்டு வீட்டுக்கு அனுப்பிய அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை.

திரும்பும் வழியில் கேட்டேன். "ஏங்கக்கா மூணுன்னு சொன்னீங்க?"

"பின்ன, பத்துன்னு கத்தச் சொல்றீங்களா? எங்கம்மா தேயிலக் கொழுந்து எடுத்த காலத்துல தோட்டத்து டிஸ்பென்சரிக்கு என்னையும் கூட்டிக்கிட்டுப் போவாங்க. ரொம்ப வலிக்குதுன்னு சொன்னா, நடந்துதானே வந்த, நடிக்கிறியான்னு மருந்து குடுக்கிற ஐயா ஏசுவாரு. கொஞ்சந்தாங்க ஐயான்னு சொன்னா மாத்திரையாச்சும் கெடைக்கும். அப்படியே பழகிப்போச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூச்சிய வழு என்றால் என்னவென்று எனக்கு விளக்கியது யார்? நீங்கள்தானே? ஒன்றும் தொங்கவிடாதபோதே முள் பூச்சியத்துக்குக் கீழே நிற்கும் தராசு, எதைத் தொங்கவிட்டாலும் குறைத்துத்தான் காட்டும். அந்தக் குறையைக் கூட்டிக்கொண்டுதான் விடை எழுத வேண்டும் என்றீர்கள். கூட்ட மறந்த பிள்ளைகளுக்குப் பாதிப் புள்ளிதான் போடுவீர்கள். நம் தோட்டத்துச் சனத்தை ஏசி ஏசியே அந்த முள்ளைக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். நீங்கள் படித்துப் பட்டம் வாங்கினீர்கள், தோட்டத்து லய வீட்டை விட்டு வந்து டவுனில் வீடு கட்டினீர்கள். முள் மட்டும் அங்கேயே நின்றது. ஊர்ப்பிள்ளைகளின் தராசையெல்லாம் சரிபார்த்த உங்களுக்கு உங்கள் தராசு கண்ணில் படவில்லையா?

மறுநாள் அசெம்பிளிக்கு மணி அடிக்கும் முன்பே உங்கள் வீட்டுக்காரர் போன் பண்ணினார். மாரடைப்பு. சாவு வீட்டில் ஆளாளுக்கு ஒன்றையே சொன்னார்கள். "தங்கமான மனுஷி, யாருக்கும் ஒரு தொந்தரவு குடுக்காம போய்ச் சேந்துட்டாங்க." எழுந்து கத்தலாம் போலிருந்தது. தொந்தரவு கொடுத்திருக்க வேண்டும் அக்கா. அந்த ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி அலறியிருக்க வேண்டும். உங்கள் மகள் அந்தப் பாராட்டைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். இவளும் இதையே பழகிக்கொள்வாளே அக்கா.

போன வாரம் எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் கவிழ்ந்து கிடந்தாள்.

"என்னாடி, ரொம்ப வலிக்குதா?"

"கொஞ்சந்தான் டீச்சர்."

"பத்துக்கு எவ்வளவு?"

"ரெண்டு."

கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, வாய் இரண்டு என்கிறது. உங்களையே பார்த்த மாதிரி எனக்கு ஆத்திரம் வந்தது. ஆட்டோவில் ஏற்றி அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நர்ஸ் கேட்டதும் அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் நான் "ஒம்பது" என்று கத்தினேன்.

"வலி ஒங்களுக்கா, புள்ளைக்கா?" என்று நர்ஸ் முறைத்தார்.

"ஒம்பதுன்னு எழுதுங்க. எழுதுற வரைக்கும் நான் இந்த எடத்த விட்டு நகரமாட்டேன்."

வரிசையில் நின்ற சனமெல்லாம் வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும். படுக்கவைத்து, இரத்தம் எடுத்து, ஸ்கேன்வரை பார்த்தார்கள். கடைசியில் வெறும் வாயுதான். நாங்கள் கிளம்பும்போது நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார்.

உங்கள் கணக்குப்படி நான் செய்தது பெரிய வழு. இரண்டை ஒன்பது என்று எழுதவைத்தவளை நீங்கள் வெளியே நிறுத்தியிருப்பீர்கள். நின்றுவிட்டுப் போகிறேன். இனி நம் பிள்ளைகள் யார் கொஞ்சம் என்று சொன்னாலும் என் காதில் ஒன்பது என்றுதான் விழும். சாகும்வரை இதை நான் திருத்திக்கொள்ளப் போவதில்லை. அந்தப் பிள்ளை திங்கட்கிழமையே பள்ளிக்கூடம் வந்துவிட்டாள். இன்று என் பாடத்தில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். நான் எழுப்பவில்லை.