பக்கம் புரட்டுகிறவள்

பெரிய காஞ்சிபுரம்
7 செப்டம்பர் 2025

அன்புள்ள ஷாரோன் அக்காவுக்கு,

உங்கள் கச்சேரி வீடியோவில் நான் முதலில் பார்த்தது உங்களை அல்ல, கோபிக்காதீர்கள். உங்கள் இடப்பக்கம் கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவைத்தான். நீங்கள் லேசாகத் தலையாட்டினீர்கள். அவர் எழுந்து, பியானோ மேல் இருந்த இசைப் புத்தகத்தில் ஒரு பக்கம் புரட்டிவிட்டு உட்கார்ந்தார். கடைசியில் எல்லோரும் உங்களுக்குக் கை தட்டினார்கள். அவருக்கு யாரும் தட்டவில்லை. அவரும் எதிர்பார்த்த மாதிரித் தெரியவில்லை.

அது என் வேலை மாதிரியே இருக்கிறது அக்கா. ஒன்பதாவதோடு நின்றதிலிருந்து தறியில் அப்பாவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். புடவையின் உடலுக்கு ஊடை நூல் ஓட்டுவது அவர் நாடா. கரைக்கு என் நாடா. அவர் தலையாட்டினால் நான் தள்ள வேண்டும்.

உங்கள் அம்மா குஞ்சம் கட்டப் புடவை வாங்கிப் போக வந்தபோது தெருவுக்கே போனைக் காட்டினார். "இன்னாமா, வாசிச்சிக்கினே இருக்குது, பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள் அத்தை. "இதான் பாட்டே!" என்றார் உங்கள் அம்மா. அத்தைக்குச் சமாதானமாகவில்லை.

போனில் எனக்குப் பேச்சு வராது. அதனால் காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள். இரண்டு மாதமாக ஒரு வரிகூட இல்லை.

துர்காதேவி


புடாபெஸ்ட்
19 செப்டம்பர் 2025

என் செல்ல துர்கா,

திட்டு வாங்கிக்கொண்டேன். இந்த வருடம் மட்டும் இருபத்திரண்டு ஊர். பெட்டியைப் பிரிப்பதற்குள் அடுத்த ரயில்.

செவிலிமேடு சர்ச்சில் இருந்த பழைய கீபோர்டு நினைவிருக்கிறதா? நாலு கட்டை வேலை செய்யாது. அந்த இடம் வந்தால் வாயால் பாடி நிரப்புவேன். இங்கே பியானோ படிக்க வந்த முதல் மாதம் நல்ல பியானோவிலும் அந்த நாலு இடத்தில் என் வாய் தானாகத் திறந்தது. வாத்தியார் மிரண்டுவிட்டார். முதல் கச்சேரி ஒரு முதியோர் இல்லத்தில். மூன்று பேர் தூங்கினார்கள், ஒருவர் மட்டும் முத்தம் கொடுத்தார். இப்போது ஒரு வயலின்காரரோடு சேர்ந்து வாசிக்கிறேன்.

ஜனவரி பதினொன்று, செவிலிமேடு சர்ச் ஹாலில் எங்கள் கச்சேரி! பியானோ சென்னையிலிருந்து லாரியில் வருகிறது. நான் மேடையில் வாசித்து அப்பா நேரில் பார்த்ததே இல்லை. ஆட்டோவை நிறுத்திவிட்டு முதல் வரிசையில் உட்காரப் போகிறார். அவர் முன்னால் நான் தடுமாறக் கூடாது.

பக்கம் புரட்ட நீ வா. இசை தெரிய வேண்டாம். நான் தலையாட்டினால் புரட்டு.

ஷாரோன்


பெரிய காஞ்சிபுரம்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

மேடையா? ரேஷன் கடையில் என் பெயரைக் கேட்டால்கூட அப்பாதான் சொல்கிறார். முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "பேசவா கூப்புட்றாங்க? பொரட்டத்தானே? தறியில மட்டும் வாய் ஓயாது, மேடைன்னா ஊமையா?" என்றார்.

வருகிறேன். ஜனங்களைப் பார்த்து உட்கார மாட்டேன்.

துர்கா


8 ஜனவரி 2026

அக்கா,

உங்கள் அம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நேற்று ஒத்திகையில் நடந்ததற்கு மன்னியுங்கள். அப்பா தலையாட்டினால் ஒரே அர்த்தம்தான். உங்கள் தலையோ வாசிக்க ஆரம்பித்ததிலிருந்து ஆடிக்கொண்டே இருக்கிறது! ஒவ்வொன்றுக்கும் புரட்டினேன். ஒரு நிமிடத்தில் ஐந்து பக்கம். "ஏய், நிறுத்துடி! நான் இன்னும் பொண்ணே பாக்கல, நீ சீமந்தத்துக்குப் போய்ட்ட!" என்றீர்கள். வயலின்காரர் ஒன்றும் புரியாமலே சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு, "பரவால்ல குட்டி, டேப்லெட் இருக்குது. காலால தட்னா பக்கம் மாறும், நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். சரி என்றேன். பஸ்ஸில் வரும்போதுதான் தெரிந்தது, எனக்கு அது சரியில்லை.

அந்த நாற்காலி எனக்கு வேண்டும் அக்கா. முழுவதையும் வாசித்து எனக்குப் பதிவு செய்து அனுப்புங்கள். புரட்ட வேண்டிய இடத்தில் மட்டும் 'ம்' சொல்லுங்கள். மூன்று நாள் இருக்கிறது. தறியில் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

துர்கா


புடாபெஸ்ட்
25 ஜனவரி 2026

துர்கா கண்ணு,

அப்பா ஆட்டோவில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் இன்னும் கச்சேரியைச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். ஒருவரைத் தென்னேரி வரைக்கும் சொல்லிக்கொண்டே கொண்டுபோய் விட்டுவிட்டாராம். அவர் இறங்க வேண்டியது வாலாஜாபாத்தில்!

மார்ச்சில் சென்னையில் வாசிக்கிறோம். டேப்லெட்டை விற்றுவிட்டேன். வருவாயா?

ஒன்று கேட்க வேண்டும். கடைசிக்கு முந்தின பக்கத்தில் நான் நன்றாகத் தலையாட்டினேன். வயலின்காரரும் பார்த்தாராம். நீ அசையவே இல்லை. பயந்துவிட்டாயா?

ஷாரோன்


பெரிய காஞ்சிபுரம்
2 பிப்ரவரி 2026

அன்புள்ள ஷாரோன் அக்காவுக்கு,

சென்னைக்கு வருகிறேன். அப்பா இப்போதே கரை நாடாவுக்கு ஆள் சொல்லிவிட்டார். "ரெண்டு நாளைக்குத்தான், அப்பால வந்துடணும்" என்று மிரட்டுகிறார்.

பயப்படவில்லை. அதற்குள் அந்தப் பதிவு எனக்கு மனப்பாடம்.

அந்த இடத்தில் உங்கள் 'ம்' கிடையாது அக்கா. உங்கள் அப்பா முதல் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நீங்கள் வலப்பக்கம் திரும்பி அவரைப் பார்த்துத்தான் தலையாட்டினீர்கள். உங்களுக்கே தெரிந்திருக்காது.

பதிவில் 'ம்' வர இன்னும் இரண்டு வரி இருந்தது. வயலின்காரர் என்னை முறைத்தார். நான் காத்திருந்தேன். இரண்டு வரியும் முடிந்தன. எழுந்தேன், மேல் மூலையைப் பிடித்து, புரட்டினேன்.

துர்கா