சுமதிக்கு மட்டும் கேட்கும் சத்தம்

மார்ச் 3, திங்கள்
காலை எட்டுக்கே வெயில் சுடுகிறது. பட்டறையில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஒன்று, கம்ப்ரஸர் கோளாறு. டீசல் நாற்றம் இன்னும் கையில்.

சுமதி இளம்பிள்ளையிலிருந்து சேலைக் கட்டுகளோடு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏனுங்க, காருல முன்னாடி மறுபடியும் கடக்கு கடக்குங்குதுங்க."

போன மாதம்தான் முன் சக்கரம் இரண்டையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பிக்கு இரண்டு ரப்பர் புஷ் மாற்றினேன். நானே, கிரீஸ் அப்பி. எப்படி வரும்?

மார்ச் 4, செவ்வாய்
சங்ககிரி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஏழு வேகத்தடை. ஒரு முனகல் இல்லை. மாலையில் சுமதி அதே காரில் கடைக்குப் போய் வந்தாள். "வந்துச்சுங்க."

ஆள் பார்த்துச் சத்தம் போடுமா வண்டி? ஒன்றும் விளங்கவில்லை.

மார்ச் 5, புதன்
ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைத் தூக்கி, கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் லிங்க்கை ஆட்டினேன். அசையவில்லை. வலதும் அப்படியே. ஷாக் அப்சார்பர் சரி. வீல் போல்ட் சரி. கதவில் உருண்ட தண்ணீர் பாட்டில், எடுத்தாயிற்று.

"உனக்குத் தோணுது சாமி. பயந்துட்டே ஓட்டுனா அப்படித்தான்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 7, வெள்ளி
சுமதி பஸ்ஸில் இளம்பிள்ளை. இரண்டு கையிலும் சேலைக் கட்டு. கார் சும்மா நிற்கிறது.

"எடுத்துட்டுப் போலாமில்ல?"

"வேண்டாமுங்க. நமக்கு அது ஒத்துவராது."

லைசென்ஸ் எடுக்கவே இரண்டு வருடம் பயந்தவள். இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டாளோ? என்னால்தான்.

மார்ச் 8, சனி
கெஞ்சிக் கூத்தாடி ஓட்ட வைத்தேன். நான் பக்கத்து சீட்டில். முதல் வேகத்தடை. சாய்வாக ஏற்றினாள், ஒரு சக்கரம் முதலில். கடக்!

"ஏஞ் சாச்சு ஏத்தற?"

"நேரா ஏத்தி அடி ஒரசுச்சுன்னு நீங்கதானுங்க ரெண்டு நாளு திட்டுனீங்க."

நான் லாரி பழகியவன், நேராக ஏற்றுவேன். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் அந்தக் கம்பிக்கு வேலையே இல்லை. சத்தம் எங்கிருந்து வரும்?

மாலை. நான்கு சக்கரமும் தரையில், நான் பட்டறைக் குழிக்குள். இடது லிங்க்கை ஆட்டினால் லொடலொட. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் கம்பி முறுக்கேறி லிங்க்கை இறுக்கிவிடும். புதன்கிழமை அதைத்தான் செய்தேன், மடையன். புஷ் அதைவிட மோசம். நான் அப்பிய கிரீஸில் ரப்பர் ஊறி, பணியாரம் மாதிரி உப்பல். ரிக்கில் எதைப் பார்த்தாலும் கிரீஸ் அடித்த கை.

மார்ச் 9, ஞாயிறு
புது லிங்க் 2, புஷ் 2. கிரீஸ் டப்பாவைக் கண்ணில் படாமல் வைத்தேன். வண்டியைத் தரையில் இறக்கிய பிறகே போல்ட்டுக்குக் கடைசி முடுக்கு.

சுமதி சாய்வாக ஏற்றிப் பார்த்தாள். சத்தம் இல்லை.

"தோணுதுன்னு சொன்னது தப்புதான்."

"ம்." அவ்வளவுதான். சாவி மறுபடி ஃபிரிட்ஜ் மேல். கோபமா, பயமா, தெரியவில்லை.

மார்ச் 10, திங்கள்
மேகமூட்டம். குளித்துவிட்டு வந்தால் ஃபிரிட்ஜ் மேல் சாவி இல்லை. வாசலில் காரும் இல்லை.

பதினொரு மணிக்கு இளம்பிள்ளையிலிருந்து போன். "ஏனுங்க, இப்ப பின்னாடி கீச்சுன்னு ஏதோ கேக்குதுங்க."

"எந்தப் பக்கம் சாமி?" என்றேன்.