அழுக்காகாத ஜெர்சி

சனிக்கிழமை, இரவு

இன்றும் தோற்றோம். ஆறு கோல். எங்கள் கல்லூரி அணி இந்த சீசனில் இன்னும் ஓர் ஆட்டமும் ஜெயிக்கவில்லை. ஆறையும் விட்டவன் கோல்கீப்பர் இர்ஃபான். நான் மாற்றுக் கோல்கீப்பர். ஐந்தாவது விழுந்ததுமே கிளவுஸை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். கோச் திரும்பிப் பார்த்தார்.

"உட்காரு லா தம்பி. அவன் இல்லன்னா பத்து விழுந்திருக்கும்."

என் ஆட்டத்தைப் பார்க்கவென்று ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த அப்பா, முடிந்ததும் நேரே இர்ஃபானிடம் போய்த் தோளைத் தட்டினார். மோட்டாரில் அவர் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பும்போதும் அவன் பேச்சுதான்.

"பாவம் லா அந்தப் பையன். எப்படி விழுந்து விழுந்து புடிச்சான்!"

வீட்டில் அம்மா என் ஜெர்சியை விரித்துப் பார்த்தார். "அழுக்கே ஆகலியேடா" என்று துவைக்காமலே மடித்து வைத்துவிட்டார்.

இந்த சீசனில் ஒரு கோல்கூட விடாத கோல்கீப்பர் நான்தான்.