கல்லுமேல வெச்ச சாப்பாடு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுறேன். நான் இங்க நல்லாத்தான் இருக்கேன், மூணு வேளையும் சாப்பிடுறேன், பிரஷர் மாத்திரையும் போடுறேன், அதனால அந்தக் கேள்வியை முதல்லயே தள்ளி வெச்சுடு. நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாம இருக்கணும், அதுதான் எனக்கு வேணும். குழந்தைக்கு அந்த இருமல் விட்டுதா இல்லையா, விடலைன்னா தலையை மூடாம வெளியே கூட்டிட்டுப் போகாதீங்க. போன்லயே சொல்லலாமே எதுக்கும்மா லெட்டர்னு கேப்பே. போன்ல நீ சாப்பிட்டியாம்மாங்கிறே, நான் சாப்பிட்டேன்டாங்கிறேன், அப்புறம் ரெண்டு பேரும் மூச்சு விடுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கோம். அதோட இந்தக் கவர்ல ஒரு ஃபாரம் வெச்சிருக்கேன், அதுல உன் கையெழுத்தும் வேணுமாம். முழுசாப் படிச்சுட்டு அப்புறம் பேனாவை எடு.

அப்பா போய் இன்னியோட நாப்பத்திமூணு நாள். அழுதியாம்மான்னு போன வாரம் கேட்டே, இல்லைடா, வரலை. ஒரே பக்கமாப் படுத்துத் தூங்கினா கை மரத்துப்போகுமே, கிள்ளினாலும் வேற யாரையோ கிள்ளின மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருக்கேன். பத்தாம் நாளே குவாரண்டைன் மியூசியத்துக்குப் போய் டிக்கெட் கவுன்டர்ல உக்காந்துட்டேன். இன்னும் லீவு எடுத்துக்கங்கன்னு மேனேஜர் சொன்னாரு. அந்தக் காலத்துல கப்பல்ல வந்தவங்களை நாப்பது நாள் இங்க அடைச்சு வெச்சாங்களே, என்னையும் அப்படி வீட்டுக்குள்ள அடைக்கப் பாக்குறீங்களான்னு கேட்டேன். அப்பா காரியத்துக்கு வர முடியலையேன்னு உள்ளுக்குள்ளயே குமைஞ்சுக்கிட்டு இருக்காதே, விமானத்தையெல்லாம் நிறுத்தி வெச்சிருந்தா நீ என்ன பறந்தா வர முடியும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். மியூசியத்துல, கப்பல்ல வந்தவங்களைக் குளிக்க வெச்ச குளிப்பறை ஷெட்டு வாசல்ல ஒரு கல்லு இருக்கே, நீகூட அது மேல ஏறிக் குதிச்சு மண்டையை உடைச்சுக்கிட்டியே, அதேதான். அந்தக் காலத்துல உள்ள அடைச்சு வெச்சிருந்தவங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது சாப்பாடு கொண்டு வந்தா அந்தக் கல்லுமேல வெச்சுட்டுப் பத்தடி பின்னாடி போய் நிக்கணும், அப்புறம்தான் உள்ள இருக்கிறவங்க வந்து எடுக்கணும், அது அப்போதைய சட்டம். எனக்கும் உங்கப்பாவுக்கும் நடுவுலயும் அதேதான் நடந்துது. அந்த ஷெட்டுத் தரையை உங்கப்பா இருபத்தாறு வருஷம் கழுவினாரு, ஈரத்தரையில யாராவது கால் வெச்சா அவருக்குப் பொறுக்காது, பெத்த புள்ளையா இருந்தாலும் சரி. ஒரு மணிக்கு நான் டப்பாவைக் கல்லுமேல வெச்சுட்டுப் பின்னாடி நகர்ந்து நிப்பேன். உள்ள வராதே தரை ஈரமா இருக்குன்னு உள்ளேருந்து குரல் வரும், அப்புறம் மாப்பும் கையுமா வந்து எடுத்துக்குவாரு. என்னிக்காவது ஒரு நாள் உள்ள கூப்பிட்டிருப்பாருங்கிறே, ம்ஹூம்.

பேய்க்கதைன்னா அவருக்கு எவ்வளவு கடுப்புன்னு உனக்கே தெரியும். அந்த கைடு பொண்ணு, அப்பா மைக்குன்னு பேர் வெச்சாரே, அவ ஒரு நர்ஸ் பேயையும் குழாயைத் திறந்து விடுற ஒரு குழந்தைப் பேயையும் வெச்சுப் பிழைப்பு நடத்திக்கிட்டு இருந்தா. அப்பா போய் அந்தக் குழாய்க்கு வாஷர் மாத்திட்டாரு, மூணு மாசம் குழந்தைப் பேய் வரவே இல்லை, கடைசியில மைக் வந்து அண்ணா கொஞ்சம் லூஸ் பண்ணி விடுங்களேன்னு கெஞ்சுச்சு. அதுக்கு அவரு சிரிக்கலை. இங்க செத்தவங்க நூத்திப்பதினேழு பேரு, எந்தக் கப்பல்ல வந்தாங்க என்ன வயசு என்ன காய்ச்சல்னு ரிஜிஸ்தர்ல இருக்கு, பாவம் வீடு போய்ச் சேராம செத்தவங்களை எதுக்கு வேடிக்கை காட்டுறீங்கன்னு கேட்டாரு. இத்தனைக்கும் வெந்நீர் ஊத்திக் கழுவுற ஆவிக்குள்ள வெள்ளை யூனிஃபார்மோட அவர் நின்னதைப் பாத்து, சுத்திப் பாக்க வந்த ஒரு அம்மா மயங்கியே விழுந்துச்சு, உயிரோட இருக்கும்போதே பேய்னு பேர் வாங்கின மனுஷன்.

நான் வேலைக்குத் திரும்பின அன்னிக்குக் காலையில கை பாட்டுக்கு ரெண்டு டப்பா கட்டிடுச்சு. ஒரு மணிக்குக் கல்லுமேல வெச்சு, பத்தடி பின்னாடியும் போயிட்டேன், அப்புறம்தான் யாருக்கு வெச்சேன்னு உறைச்சுது. திருப்பி எடுக்கக் கை வரலை, அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். மூணு மணிக்குப் போய்ப் பாத்தா டப்பா காலி, கழுவித் துடைச்சுக் கவுத்து வெச்சிருந்துது. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம மைக்குக்கிட்ட சொல்லித் தொலைச்சேன். மறுநாளும் வெச்சேன், மறுநாளும் காலி. அஞ்சாம் நாள் மறைஞ்சு நின்னு பாத்தேன், அப்பா வேலைக்குப் புதுசா சேர்ந்தவர், ஐம்பது வயசு இருக்கும், வாயில்லாப் பூச்சி, வந்து எடுத்துச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. இந்த வேலைக்கு மத்தியானச் சாப்பாடும் சேர்த்தின்னு நெனச்சாராம், யாரும் வேண்டாம்னு சொல்லலையாம், நல்லா இருக்கும்மா உப்புதான் கொஞ்சம் கம்மின்னாரு. தினமும் கட்டினேன், தினமும் வெச்சேன்.

ஆனா அதுக்குள்ள மைக் இதைக் கதையாக்கிட்டா. இந்தத் தரையைக் கழுவினவர் இன்னும் இங்கேருந்து போகலை, சம்சாரம் வைக்கிற சாப்பாட்டைத் தினமும் வந்து சாப்பிடுறாருன்னு ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்றா, கூட்டம் என் டப்பாவை போட்டோ எடுக்குது. உண்மையை அவகிட்ட சொன்னேன். தெரியும்க்கா, ஆனா அண்ணன் கதையைக் கேட்டுட்டு எல்லாரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போறாங்களேன்னா. இப்ப மேனேஜர் அப்பா போட்டோவோட அங்க ஒரு போர்டு வைக்கணுங்கிறாரு, குளிப்பறைக் காவலர் பேய்னு தலைப்பு. அதுக்கு நம்ம ரெண்டு பேரும் சம்மதிக்கணுமாம், அந்த ஃபாரம்தான் இது.

உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு, கையெழுத்துப் போட்டுடலாம்னுதான் இருந்தேன். ஒரு நாளைக்கு நாலு தடவை அவரைப் பத்தி யாரோ வாய்விட்டுப் பேசுறாங்க, வீட்ல பேச யார் இருக்கா. அதோட, யார் சாப்பிட்டதுன்னு தெரிஞ்சும், மூணு மணிக்குக் காலி டப்பாவைக் கையில எடுக்கும்போது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி நம்பிட்டு வருவேன்டா. திங்கக்கிழமை பேனா மூடியைக்கூடத் திறந்துட்டேன், அப்பப் பார்த்து யாரோ டிக்கெட் கேட்டாங்க.

செவ்வாக்கிழமை புது ஆள் வரலை, காய்ச்சலாம், எனக்கு யாரும் சொல்லலை. டப்பாவை வெச்சேன், பத்தடி பின்னாடி போனேன், கவுன்டருக்கு வந்துட்டேன். மூணு மணிக்குப் போனா டப்பா அப்படியே கனமா இருந்துது, மூடி மேல எறும்பு ஊறுது. எறும்பைத் தட்டி விட்டுட்டு டப்பாவைக் கையில எடுத்தேன். அப்புறம் கல்லைத் தாண்டி உள்ள காலை வெச்சேன். தரை காஞ்சு கிடந்துது, மணலு, முந்தின நாள் வந்தவங்க கால்தடம், எவனோ போட்ட மிட்டாய்க் காகிதம். உள்ள வராதேன்னு யாரும் சொல்லலை. அப்பத்தான்டா எனக்குத் தெரிஞ்சுது. அவரு இங்க வந்துக்கிட்டு இருந்தா சாப்பாட்டைத் தொடாம வேணா இருப்பாரு, தரையை இப்படி விட்டிருக்கவே மாட்டாரு.

அங்கேயே உக்காந்து டப்பாவை முடிச்சேன், உப்பு கம்மிதான். அப்புறம் புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, அப்பாவோட மாப்பை எடுத்து அந்த மூலையிலேருந்து இந்த மூலை வரைக்கும் கழுவினேன். வெறுங்கால்ல தண்ணி பட்டதும் சில்லுன்னு இருந்துது, ரொம்ப நாளைக்கு அப்புறம் ஏதோ ஒண்ணு உடம்புக்குத் தெரிஞ்சுது. நாலரை மணிக்கு மைக் கூட்டத்தோட வாசலுக்கு வந்து, கதையை ஆரம்பிக்க வாயைத் திறந்தா. நான் திரும்பிக்கூடப் பாக்காம சொன்னேன்.

"உள்ள வராதீங்க. தரை ஈரமா இருக்கு."

மைக் கதையை விட்டுட்டு, கையை நீட்டிக் கூட்டத்தைத் தடுத்தா. எல்லாரும் வாசலுக்கு வெளியவே நின்னுட்டு அப்படியே திரும்பிப் போனாங்க.

நான் கையெழுத்துப் போடலை, நீயும் போடாதே. ஃபாரத்தோட பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு, குழந்தைகிட்ட கொடு, என்னத்தையாவது கிறுக்கட்டும், அதை எனக்கு அனுப்பு. புது ஆளுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு, நாளையிலேருந்து வருவாரு, டப்பாவைக் கவுன்டருக்கே வந்து வாங்கிக்கச் சொல்லிட்டேன். நீங்க மூணு பேரும் நூறு வயசு நல்லா இருங்க, ஒருத்தர் மேல ஒருத்தர் எரிஞ்சு விழாதீங்க, இருமலுக்கு மருந்தைப் பாதியில நிறுத்தாதீங்க.

எப்பவும் உன்னையே நெனச்சுக்கிட்டிருக்கிற
அம்மா